பணியில் வந்த நோயும் பணியால் வந்த நோயும்: படைவீரர் மனநோய் ஓய்வூதிய மேல்முறையீடுகளின் சொல்வரலாறு

நோய் காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்படும் இந்திய வீரர் ஒருவர் இயலாமை ஓய்வூதியம் பெறவேண்டுமாயின், அவருடைய நோய் இரண்டு நிலைகளுள் ஒன்றில் அடங்க வேண்டும். அது படைப்பணியைச் சார்த்திக் கூறத்தக்கதாக இருத்தல் வேண்டும்; அன்றேல் படைப்பணியால் மிகுவிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஆங்கில விதியில் இவை 'அட்ரிபியூட்டபிள் டு', 'அக்கிரவேட்டட் பை' என்னும் இரு தொடர்களாக நிற்கின்றன. குண்டு பாய்ந்து கால் இழந்தவரின் கோப்பில் இத்தொடர்களுக்கு அதிக வேலை இல்லை. மனநோய் கண்டவரின் கோப்பிலோ இவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை எனலாம். காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடங்கிய நாளைச் சுட்ட முடிவதில்லை. சான்று கூறவேண்டியவரின் சொல்லே ஐயத்துக்கு உள்ளாகிறது. எனவே வழக்கு முழுவதும் சொற்பொருளின்மேல் வந்து நிற்கிறது. அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, மேல்முறையீடுகளில் அவற்றின் பொருள் எவ்வாறு அசைந்தது, தமிழில் பெயர்க்கும்போது வீரரின் உரிமைக்கு என்ன நேர்கிறது என்பன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கவை.

ஓர் எழுத்தின் விலை

இத்தொடர்களின் பிறப்பிடம் முதல் உலகப் போர்க்கால இங்கிலாந்து. 1914-க்குப் பின் பிரான்சுப் போர்முனையிலிருந்து நடுக்கம், பேச்சிழப்பு, நினைவிழப்பு ஆகியவற்றோடு வீரர்கள் திரும்பினர். சார்லஸ் மையர்ஸ் 1915-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை 'ஷெல் ஷாக்' என்னும் பெயரை மருத்துவ வழக்கில் நிலைபெறச் செய்தது. எறிகுண்டு அதிர்ச்சி எனத் தமிழில் கூறத்தக்க இப்பெயர், நோயின் பெயராக மட்டும் அமையவில்லை. காரணத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. குண்டுதான் காரணம் என்று பெயரே சொல்லிவிட்டால், ஓய்வூதியத் துறை மறுப்பது எங்ஙனம்? ஆகவே நிருவாகம் பெயரைப் பிளந்தது. பகைவரின் குண்டு வெடித்ததன் விளைவாக நோயுற்றவர்க்குப் பெயரின்பின் 'டபிள்யூ' என்னும் எழுத்து, அவர் காயமுற்றவர். வெடிப்பின் தொடர்பு காட்டப்படாதவர்க்கு 'எஸ்'. அவர் நோயாளி மட்டுமே. காயமுற்றவர் தம் சீருடையில் காயப்பட்டை அணியலாம், ஓய்வூதியத்திலும் அவர் நிலை வலுவானது. நோயாளிக்கு அவ்விரண்டும் உறுதியில்லை. ஒரே நடுக்கம், ஒரே பேச்சிழப்பு; விலையோ ஓர் எழுத்தில்.

1917-இல் மற்றொரு மாற்றம் புகுந்தது. போர்முனை மருத்துவர் எந்த நோய்ப்பெயரும் எழுதாமல் 'இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சார்ந்தது' என்று மட்டும் குறிக்க வேண்டும். வீரர் உண்மையில் வெடிப்புக்கு ஆட்பட்டாரா என்பதை அவருடைய படைப்பிரிவின் தலைவர் எழுத்தில் உறுதிசெய்த பின்னரே பெயர் இடப்படும். நோய் இன்னது என்பதை மருத்துவர் சொல்வார். நோய் எதனால் என்பதை அதிகாரி சொல்வார். காரணத்தைக் கூறும் உரிமை யாருக்கு என்ற இப்பிரிவினை, நூறாண்டு கடந்தும் ஓய்வூதியக் கோப்புகளை விட்டு அகலவில்லை.

அதே 1917-இல் வெளிவந்த அரச ஆணையில் 'சார்த்தத்தக்க', 'மிகுவிக்கப்பட்ட' என்னும் இணை இடம்பெற்றது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதிய மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமையை வழங்கியது. 1922-இல் போர் அலுவலகக் குழு எறிகுண்டு அதிர்ச்சி என்ற பெயரையே கைவிடுமாறு பரிந்துரைத்தது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-இல், மனநரம்புக் கோளாறுக்கு ஓய்வூதியம் தருவது நோயை வளர்க்கும் என்ற கருத்து ஓய்வூதிய அமைச்சின் ஆலோசகரிடையே மேலோங்கியிருந்தது. பெயரை நீக்கினால் நோயும் நீங்கும் என்ற நம்பிக்கை மொழியைப் பற்றிய நம்பிக்கையே ஆகும், அது பலிக்கவில்லை.

திருப்பம் 1943-இல் நேர்ந்தது. அவ்வாண்டின் அரச ஆணை, உரிமைகோருபவர்மேல் மெய்ப்பிக்கும் சுமையை ஏற்றக்கூடாது எனவும், நியாயமான ஐயம் எழுமாயின் அதன் பயன் அவருக்கே எனவும் வகுத்தது. அதே ஆண்டில் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்துக்கு வந்த முறையீடுகளைக் கேட்டவர் நீதிபதி டென்னிங். 'நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட மெய்ப்பிப்பு' என்பதற்கு அவர் 1947-இல் தந்த விளக்கம் இன்று குற்றவியல் வழக்குகளில் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. அவ்விளக்கம் பிறந்தது கொலை வழக்கில் அன்று. நோயுற்று இறந்த ஒரு படைவீரரின் மனைவி தொடுத்த ஓய்வூதிய வழக்கில். குற்றவியல் சட்டம் கற்போர் பலர் இதனை அறிவதில்லை.

இந்திய விதிகளின் இலக்கணம்

விடுதலைக்குப் பின் கொடி மாறியது, சொற்கள் மாறவில்லை. 1961-ஆம் ஆண்டு இராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173-ஆம் பிரிவு, படைப்பணியைச் சார்த்தத்தக்கதாகவோ அதனால் மிகுவிக்கப்பட்டதாகவோ உள்ள இயலாமை 20 விழுக்காடோ அதற்கு மேலோ மதிப்பிடப்பட்டால் ஓய்வூதியம் உண்டு என்றது. 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகள் இதனை விரித்துரைத்தன. அவற்றின் 9-ஆம் விதி, 1943-ஆம் ஆண்டு ஆணையின் வழித்தோன்றல்: உரிமைகோருபவர் மெய்ப்பிக்க அழைக்கப்படமாட்டார், நியாயமான ஐயத்தின் பயன் அவருக்கே.

14-ஆம் விதியின் 'பி' உட்பிரிவே மனநோய் வழக்குகளின் களம். அதன் கருத்து இது: பணியில் சேர்ந்தபோது நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையெனில், பின்னர் விடுவிப்புக்குக் காரணமான நோய் பணிக்காலத்தில் எழுந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். ஆயின் சேர்க்கையின்போது அந்நோயைக் கண்டறிந்திருக்க முடியாது என மருத்துவக் கருத்து, காரணங்களைக் கூறி, உரைக்குமாயின் அவ்வாறு கொள்ளப்படாது.

இதில் மூன்று சொற்கள் கவனத்துக்கு உரியவை. 'கொள்ளப்படும்' என்பது உண்மை நிலையைக் கூறும் வினை அன்று. உண்மை தெரியாதவிடத்து ஒன்றை உண்மையாக ஏற்குமாறு பணிக்கும் வினை. இதனை 'கருதப்படுகிறது' என்று பெயர்த்தால் ஏவல் கரைந்து வெறும் எண்ணமாகிவிடும். 'பொதுவாக' என்பது விதிக்குள்ளேயே விலக்குக்குக் கதவு திறந்து வைக்கிறது. 'காரணங்களைக் கூறி' என்பது, காற்புள்ளிகளுக்கு இடையே நுழைந்து கிடக்கும் ஒரு வினையெச்சத் தொடர். படிப்போர் கண் அதன்மேல் தங்குவதில்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் வென்ற மேல்முறையீடுகளிற் பல இந்த ஒரு தொடரைப் பற்றிக்கொண்டே வென்றன.

நடைமுறையில் மருத்துவக் குழு ஒரு படிவத்தை நிரப்புகிறது. இயலாமை பணியைச் சார்த்தத்தக்கதா, பணியால் மிகுந்ததா, பணியோடு தொடர்பற்றதா என்னும் மூன்று வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. அதன்பின் காரணங்களை முழுமையாகக் கூறவேண்டும் என்ற அறிவுறுத்தல். மனநோயைப் பொறுத்தவரை முதலிரண்டுக்கும் 'இல்லை' எனவும், மூன்றாவதற்கு 'ஆம்' எனவும் எழுதி, காரணத்தின் இடத்தில் மீண்டும் 'பணியோடு தொடர்பற்றது' என்றே எழுதிவிடும் கோப்புகள் நீதிமன்றங்களின் பார்வைக்கு வந்துள்ளன. விடையையே காரணமாகத் திருப்பிச் சொல்வது கூறியது கூறலாகும். நன்னூல் அதனை நூற்குற்றங்கள் பத்தினுள் ஒன்றாக எண்ணியது. இங்கோ அது ஒரு குடும்பத்தின் மாத வருவாயைத் தீர்மானிக்கிறது. 'சார்த்தத்தக்கதும் அன்று, மிகுந்ததும் அன்று' என்னும் முடிவை ஆங்கில முதலெழுத்துகளால் சுருக்கி 'நானா' என வழங்குவர். தமிழ்ச் செவிக்கு இது 'நானா?' என்னும் வினாவாக ஒலிப்பது தற்செயலே. ஆயினும் கோப்பைப் பெற்ற வீரர் கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே.

காரணத்தின் இடத்தை நிரப்ப வந்த மற்றொரு சொல் 'கான்ஸ்டிடியூஷனல்'. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இதனை 'அரசமைப்பு சார்ந்த நோய்' என எழுதிவிடும் ஆபத்து உண்டு. இங்கு இதன் பொருள் உடற்கூறு சார்ந்தது, பிறவியிலேயே அமைந்தது என்பதாகும். தமிழில் 'உடல்வாகு' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆயின் 'உடல்வாகு' என்பது ஒருவருக்கு எது ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதை உணர்த்துமேயன்றி, புறக்காரணம் இல்லை என்று உணர்த்துவதில்லை. குளிர்ந்த உடல்வாகு உடையவனுக்கும் பனியில் நின்றால்தான் சளி பிடிக்கிறது. படிவத்தின் சொல்லோ உள்ளே இருந்ததே வெளிப்பட்டது என்று சொல்லிப் புறத்தை முற்றிலும் விலக்குகிறது. அமெரிக்க விதிகளில் இதே வேலையை 'ஆளுமைக் கோளாறு' என்னும் சொல் செய்கிறது. அங்கு அது நோயாகவோ காயமாகவோ கொள்ளப்படாமையால் இழப்பீடும் இல்லை.

தீர்ப்புகளில் சொற்பொருள்

மறுப்பை எதிர்க்கும் வழி நீண்டது. முதல் முறையீடு, அது மறுக்கப்படின் இரண்டாம் முறையீடு, இரண்டும் துறைக்குள்ளேயே. அதன்பின் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் படைத்துறைத் தீர்ப்பாயம் 2009-இல் இயங்கத் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு. அதற்கு முன்பு வீரர்கள் உயர்நீதிமன்றங்களையே நாடினர்.

2013 சூலையில் உச்சநீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று வலிப்பு நோய் பற்றியது; சேர்க்கையின்போது குறிப்பு இல்லையெனில் வீரர் நலமாக இருந்தார் என்றே கொள்ளவேண்டும், மெய்ப்பிக்கும் சுமை அவர்மேல் இல்லை, மருத்துவக் குழு காரணம் கூறவேண்டும் என விதிகளைத் தொகுத்துரைத்தது. மற்றது மனச்சிதைவு நோய் என முத்திரையிடப்பட்டு 1970-களில் விடுவிக்கப்பட்ட ஒருவரைப் பற்றியது. சொல் ஆராய்ச்சியில் ஈடுபாடு உடையோர் இத்தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம். நீதிபதிகள் அகராதியையும் உளமருத்துவ நூல்களையும் எடுத்துவைத்து, 'ஸ்கிசோபிரீனியா' என்றால் என்ன என்று பொருள் தேடினர். அப்பொருளுக்கும் கோப்பில் இருந்த சில வரிக் குறிப்புக்கும் பொருத்தம் உண்டா எனக் கேட்டனர். நிபுணர் கருத்து மதிப்புக்கு உரியது, வழிபாட்டுக்கு உரியதன்று என்ற கருத்தில் அவர்கள் எழுதியதும், மறு மருத்துவக் குழுவைக் கூட்டுமாறு பணித்ததும் பின்வந்த வழக்குகளுக்கு வழியாயின.

2019-இல் அலை மறுபுறம் திரும்பியது. மனச்சிதைவு நோய் கண்ட மற்றொரு வீரரின் வழக்கில், சேர்க்கையின்போது கண்டறிய இயலாத நோய் என்பதனாலேயே அது பணியால் வந்தது என்று ஊகிக்க முடியாது என உச்சநீதிமன்றம் கூறி, ஓய்வூதியத்தை மறுத்தது. இரண்டு தீர்ப்புகளும் ஒரே 14-ஆம் விதியைத்தான் படித்தன. 2013-இல் அழுத்தம் 'காரணங்களைக் கூறி' என்பதன்மேல் விழுந்தது. 2019-இல் 'கண்டறிந்திருக்க முடியாது' என்பதன்மேல் விழுந்தது. 2025-இல் மீண்டும் ஒரு மனச்சிதைவு வழக்கில், காரணம் கூறாத மருத்துவக் குழுக் கருத்தைக்கொண்டு ஓய்வூதியத்தை மறுக்க இயலாது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. இவற்றை முரண்பாடு என்பதைவிட, ஒரே வாக்கியத்தின் இரு வேறு அழுத்தங்கள் என்பது பொருந்தும்.

2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டுள்ள படை மருத்துவர் வழிகாட்டி நூலும் கருதத்தக்கது. 2002-இல் வெளிவந்து 2008-இல் திருத்தம் பெற்ற அந்நூல், மனநோய் அகக்காரணமும் புறக்காரணமும் பின்னிப் பிணைந்து விளைவது என ஏற்றுக்கொண்டு, நோயின் பெயரைச் சாராமல் சூழ்நிலையைச் சார்ந்தே முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. போர்க்களம், உயர்மலைப் பகுதி, தனித்த காவல்நிலை ஆகிய இடங்களில் தோன்றிய மனநோய் பணியைச் சார்த்தத்தக்கது. மனைவியோ குழந்தையோ இறந்த நிலையில் பணியின் நெருக்கடியால் விடுப்பு மறுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் மனநோய் தோன்றினால், அதனைப் பணியால் மிகுந்ததாகக் கருதலாம். விடுப்பு மறுப்பு என்பது அலுவலகச் செயல். அதனை நோய்க்காரணமாக எழுதிவைத்த இவ்வரி, 1917-இல் படைப்பிரிவுத் தலைவரிடம் வெடிப்பைப் பற்றி மட்டுமே கேட்ட படிவத்திலிருந்து நெடுந்தொலைவு வந்துள்ளது.

அமெரிக்காவில் இவ்வளர்ச்சி வேறு வகையில் நடந்தது. அங்கு 1933 முதல் 1988 வரை படைவீரர் இழப்பீட்டு முடிவுகளை நீதிமன்றத்தில் எதிர்க்கவே வழியில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டமே தனி நீதிமன்றத்தை அமைத்தது. அதற்கு எட்டாண்டு முன்னதாக, 1980-இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு, வியட்நாம் போர் வீரர்களின் நெடிய கோரிக்கைக்குப் பின், அதிர்ச்சிக்குப் பிற்பட்ட மன அழுத்தக் கோளாற்றைச் சேர்த்துக்கொண்டது. எறிகுண்டு அதிர்ச்சியைப் போலவே இப்பெயரும் காரணத்தைத் தன்னுள் கொண்டது. அங்குள்ள விதிச்சொல் 'பணியோடு இணைந்த' என்பது. சான்றுகள் இருபுறமும் ஏறத்தாழச் சமமாக இருந்தாலே பயன் வீரருக்கு. 2010-ஆம் ஆண்டு விதி, பகைவரின் தாக்குதலைப் பற்றிய அச்சத்தால் எழுந்த நோயெனத் துறையின் உளமருத்துவர் உறுதிசெய்தால், நிகழ்ச்சிக்கு வீரரின் சொல்லே போதும் என்றது. பெரும்பாலும் சான்று ஏட்டில் எழுதப்படாத துன்பங்களுக்கு இது பெரிய கதவு. (அதிர்ச்சியைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் எதுவெனில், ஈழத்தில் வழங்கும் 'மனவடு' என்பதையே சுட்டவேண்டும். போர் நடந்த இடத்தில், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993-இல் அப்பெயரிலேயே நூல் எழுதினார். தமிழ்நாட்டு ஆட்சிச்சொல் பட்டியல்களில் தேடிச் சலிப்பதைவிட அச்சொல்லை எடுத்துக்கொள்வது நன்று.)

உருபும் வினையும்

தமிழில் பெயர்க்கும்போது முதற்சிக்கல் வேற்றுமை உருபில் எழுகிறது. விதியில் 'பணிக்காலத்தில் எழுந்த' என்பது ஒன்று. 'பணியைச் சார்த்தத்தக்க' என்பது மற்றொன்று. முன்னது இடமும் காலமும் பற்றியது, பின்னது காரணம் பற்றியது. பேச்சுவழக்கில் இரண்டையும் 'பணியில் வந்த நோய்' என்றே சொல்லிவிடுகிறோம். 'இல்' உருபு ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் உரியதன்று. நன்னூல் அதனை ஐந்தாம் வேற்றுமைக்கும் உரியதாக்கி, ஏதுப் பொருளையும் தந்துள்ளது. ஆகவே 'பணியில் வந்த' என்னும் தொடர் இலக்கணப்படி இருபொருள் உடையது. சட்டம் பிரிப்பதை மொழி சேர்த்து வைத்திருக்கிறது. 'பணியால்' என்று ஆல் உருபு இட்டால் பொருள் தெளியும். ஆனால் வேறொரு தீங்கு நேரும். 'சார்த்தத்தக்க' என்ற சொல்லில் சார்த்துவோர் ஒருவர் மறைந்து நிற்கிறார். நியாயமாகச் சார்த்த முடிந்தால் போதும். 'பணியால் ஏற்பட்ட' என்பதோ முடிந்த உண்மையை அறிவிக்கிறது. விதி கேட்பதைவிடக் கூடுதலான மெய்ப்பிப்பை மொழிபெயர்ப்பு கேட்கத் தொடங்குகிறது. 1943-இல் வீரரின் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமையைப் பெயரெச்சம் ஒன்று திரும்ப ஏற்றிவிடுகிறது.

இரண்டாம் தொடரிலும் இதே நிலை. 'முற்றிய நோய்', 'தீவிரமடைந்த நோய்' என்று எழுதுவோர் தன்வினையைக் கையாள்கின்றனர். காய் முற்றுவதுபோல் நோய் தானே முற்றியது என்ற பொருள் வந்துவிடும். விதியின் வினை பிறவினை, மிகுவித்தது பணி. எனவே 'பணி மிகுவித்த நோய்' என்று எழுவாயை வெளிப்படுத்துவதே பொருத்தம்.

மறுதிசைப் பெயர்ப்பு இதனினும் கடினமானது. மேல்முறையீட்டுக் கோப்பில் சேர்க்கப்படும் குடும்பத்தாரின் வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஒரு தாய் 'அவன் சின்ன வயதிலிருந்தே கோபக்காரன்' எனத் தன் மகனின் இயல்பை அன்போடு சொல்வதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் அது சேர்க்கைக்கு முன்பே இருந்த மனக்கோளாற்றின் அறிகுறியாகப் படிக்கப்படும்; 14-ஆம் விதியின் பாதுகாப்பு ஒரே வரியில் தளர்ந்துவிடும். 'மனசு சரியில்லை' என்பது துயரம், சோர்வு, மனநோய் மூன்றுக்கும் பொது. 'விடுப்பில் வந்தபோதே ஒரு மாதிரி இருந்தான்' என்பதில் 'போதே' என்னும் தேற்ற ஏகாரம் எந்த விடுப்பைச் சுட்டுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் கேட்டுத் தெளியவேண்டும். முதல் விடுப்பா, எல்லைப் பணிக்குப் பிந்தைய விடுப்பா என்பதில் வழக்கே தங்கியிருக்கலாம். 'காற்றுக் கருப்பு அண்டியது' என்ற கூற்றை மூடநம்பிக்கை என விட்டுவிடுவோர், அதனோடு சொல்லப்பட்ட நாளையும் இடத்தையும் சேர்த்தே இழக்கின்றனர். நோய் தொடங்கிய நாளுக்கு அக்குடும்பத்திடம் உள்ள ஒரே சான்று அதுவாக இருக்கக்கூடும்.

2023 செப்டம்பரில் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இயலாமையோடு பணியில் நீடித்து ஓய்வுபெறுவோருக்குரிய தொகை அவற்றில் 'குறைபாட்டு நிவாரணம்' எனத்தக்க புதுப்பெயர் பெற்றது. 'இயலாமை' என்பது வாழ்வில் ஒருவர் செய்ய முடியாதுபோனவற்றை அளக்கும் சொல். 'குறைபாடு' உறுப்பின் அல்லது செயற்பாட்டின் பழுதை அளக்கும் சொல். ஓய்வூதியம் உரிமையின் சொல். நிவாரணம் வெள்ளத்துக்கும் புயலுக்கும் வழங்கப்படுவதைக் குறிக்கும் சொல். அந்நாளுக்கு முன் விடுவிக்கப்பட்டோரின் முறையீடுகள் பழைய விதிகளின்படியே கேட்கப்படுகின்றன. ஆதலின் விடுவிப்பு நாளைப் பார்த்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் தம் கலைச்சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டியுள்ளது.